வட்டி வந்தும் பணம் தேயுமா? கரையோரக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான கணக்கு வழிகாட்டி

அம்மாவின் தகரப் பெட்டியில் ஒரு கிசான் விகாஸ் பத்திரத்தின் ஜெராக்ஸ் இன்னும் இருக்கிறது. பாம்பனில் கருவாடு விற்றுச் சேர்த்த 5,000 ரூபாயை 1988-ல் தபால் அலுவலகத்தில் போட்டார். அந்த வருடம் ஏப்ரலில்தான் அந்தத் திட்டமே தொடங்கியிருந்தது. ஐந்தரை வருடத்தில் பணம் இரட்டிப்பு. இப்போது அதே பத்திரம் இரட்டிப்பாக 115 மாதம், அதாவது ஒன்பது வருடம் ஏழு மாதம் ஆகிறது.

"அஞ்சர வருசத்துல ரெண்டு மடங்கு குடுத்தான். இப்ப பத்து வருசம் இழுக்குறான். பணத்தப் போட்டு என்னடி பிரயோசனம்?" என்று அம்மா கேட்பார். தங்கச்சிமடத்தில் எங்கள் மகளிர் குழுவின் கணக்கை நான்தான் எழுதுகிறேன். அங்கேயும் மாதாமாதம் இதே கேள்விதான் வருகிறது.

அம்மா பார்ப்பது கணக்கின் ஒரு பாதி. வட்டி எவ்வளவு வந்தது என்பது அந்தப் பாதி. அதே காலத்தில் விலைவாசி எவ்வளவு ஏறியது என்பது மறு பாதி. 1991-92-ல் வங்கிகள் நீண்டகால வைப்புக்கு 13 சதவீதம் வரை வட்டி கொடுத்தன. கேட்கவே ஆசையாக இருக்கும். ஆனால் அந்த வருடம் விலைவாசியும் 13 சதவீதத்துக்கு மேல் ஏறியது. 100 ரூபாய் 113 ஆனது, 100 ரூபாய்ச் சாமானும் 113-ஐத் தாண்டியது. கையில் மிஞ்சியது ஒன்றுமில்லை.

இப்போது 2025-ஐப் பாருங்கள். பிப்ரவரியில் தொடங்கி டிசம்பருக்குள் ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை, அதாவது வங்கிகளுக்குத் தான் கடன் தரும் வட்டியை, 6.5-லிருந்து 5.25 சதவீதத்துக்கு இறக்கியது. வங்கிகளும் டெபாசிட் வட்டியைக் குறைத்தன, ஊரெல்லாம் புலம்பல். ஆனால் அக்டோபரில் நாட்டின் சில்லறை விலைவாசி ஏற்றம் வெறும் 0.25 சதவீதம். 6 சதவீத வட்டி வாங்கியவருக்கு அந்த நேரத்தில் நல்ல மிச்சம். 1991-ல் 13 வாங்கியவரைவிட அவர் மேல். இந்தக் கணக்கை நீங்களே போடத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

படி 1: எல்லா வட்டியையும் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள்

கரையில் வட்டியை மாதக் கணக்கில் பேசுகிறோம், வங்கியில் வருடக் கணக்கில் பேசுகிறார்கள். "ரெண்டு வட்டி" என்றால் நூற்றுக்கு மாதம் 2 ரூபாய், வருடத்துக்கு 24 சதவீதம். "மூணு வட்டி" 36 சதவீதம். காதுக்கு 2 சின்னதாகவும் வங்கியின் 7 பெரிதாகவும் தெரிவதால்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

தண்டலில் இன்னும் மறைவாக இருக்கும். 10,000 ரூபாய்க் கடன் என்று எழுதி, 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருவார்கள். தினம் 100 ரூபாய், நூறு நாள் கட்ட வேண்டும். "பதினஞ்சு பர்சன்ட்தானே" என்று தோன்றும். ஆனால் அது நூறு நாளுக்கு. அதோடு, நாளாக நாளாக உங்கள் கையில் இருக்கும் கடன் குறைந்துகொண்டே போகிறது, வட்டியோ முழுத் தொகைக்கும் முன்பே பிடித்தாகிவிட்டது. வருடத்துக்குக் கணக்கிட்டால் 100 சதவீதத்தைத் தாண்டிவிடும்.

அடுத்தது வியாபாரியிடம் வாங்கும் முன்பணம். வட்டியே இல்லை என்று சொல்லித்தான் தருவார்கள். என் தம்பி வள்ளத்துக்கு 1 லட்சம் அப்படித்தான் வாங்கினான். பிடிக்கிற நண்டை அவரிடமே போட வேண்டும், கிலோவுக்கு வெளி விலையைவிட 20 ரூபாய் குறைவாக எடுப்பார். தினம் 15 கிலோ என்றால் 300 ரூபாய் போகிறது. வருடத்தில் 200 நாள் தொழில் நடந்தால் 60,000. வட்டியில்லாத அந்த 1 லட்சத்துக்கு வருடம் 60 சதவீதம் கட்டியிருக்கிறான், முதல் அப்படியே நிற்கிறது! இதை நோட்டில் எழுதிக் காட்டியபோது ரொம்ப நேரம் அவன் ஒன்றும் பேசவில்லை.

இப்படி ஒரு கடனை வைத்துக்கொண்டு 7 சதவீதத்துக்கு டெபாசிட் போட யோசிக்க வேண்டாம். முதல் முதலீடு அந்தக் கடனை அடைப்பதுதான். மனைவி நகையை வங்கியில் வைத்தால்கூட வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு முன்பின்தான் வட்டி. உழவர் கடன் அட்டை 2018-19 முதல் மீனவர்களுக்கும் உண்டு. 2 லட்சம் வரையான தொழில் செலவுக் கடனுக்கு வட்டி 7 சதவீதம், தவணை தவறாமல் கட்டினால் 3 சதவீதம் குறைந்து 4 சதவீதம். இது பலருக்கும் தெரியவில்லை. கிளை மேலாளரிடம் பெயர் சொல்லியே கேளுங்கள்.

படி 2: உங்கள் பணம் எந்தப் பொருளுக்காகக் காத்திருக்கிறது?

இந்தக் கட்டுரையில் ஒரு படியை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

ரூபாய் என்பது கைமாற்றும் சீட்டு. கடைசியில் அது டீசலாகவோ, நைலான் வலையாகவோ, மகளின் கல்லூரிக் கட்டணமாகவோ, தாலிச் சங்கிலியாகவோ மாறப் போகிறது. அந்தப் பொருளின் கணக்கில் அளந்தால்தான் பணம் வளர்ந்ததா தேய்ந்ததா என்று தெரியும்.

2020 ஜனவரியில் ஒருவர் 1 லட்சத்தை ஐந்து வருட ஃபிக்ஸட் டெபாசிட்டில் 6.1 சதவீத வட்டிக்குப் போட்டார் என்று வைத்துக்கொள்வோம். பெரிய அரசு வங்கிகள் அப்போது கொடுத்தது ஏறக்குறைய அவ்வளவுதான். காலாண்டுக் கூட்டு வட்டியில் 2025 ஜனவரியில் கையில் வந்தது சுமார் 1,35,350 ரூபாய்.

அவர் விசைப்படகுக்காரர், பணம் டீசலுக்காக. 2020 ஜனவரியில் டீசல், சென்னை விலையில், லிட்டர் சுமார் 72 ரூபாய். 1 லட்சத்துக்கு ஏறக்குறைய 1,390 லிட்டர். 2025 ஜனவரியில் விலை 92 ரூபாய்க்கு மேல். 1,35,350-க்கு ஏறக்குறைய 1,465 லிட்டர். ஐந்து வருடத்தில் 75 லிட்டர் கூடியிருக்கிறது. பெரிய லாபம் இல்லை, ஆனால் பணம் தேயவில்லை. நாட்டின் பொது விலைவாசிக் குறியீடும் அந்த ஐந்து வருடத்தில் சுமார் 29 சதவீதம் ஏறியது. வட்டி 35 சதவீதம் என்பதால் அந்தக் கணக்கிலும் கொஞ்சம் மிச்சம்தான்.

அதே பணம் மகள் கல்யாண நகைக்கானது என்றால் கதையே வேறு. 2020 தொடக்கத்தில் ஆபரணத் தங்கம் பவுன் சுமார் 30,000. 1 லட்சத்துக்கு மூன்றேகால் பவுனுக்கு மேல் வாங்கியிருக்கலாம். 2025 தொடக்கத்தில் பவுன் 57,000. வட்டியோடு வந்த 1,35,350-க்குக் கிடைப்பது இரண்டேகால் பவுன் சொச்சம். செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜிஎஸ்டி எல்லாம் தனி.

ஒரே வங்கி, ஒரே டெபாசிட், ஒரே ஐந்து வருடம்தான். டீசலுக்குக் காத்திருந்த பணம் நின்று பிடித்தது. தங்கத்துக்குக் காத்திருந்த பணத்தில் ஒரு பவுன் கரைந்துபோனது. அதனால் "எஃப்டி நல்லதா?" என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது "எதுக்காகப் போடுறீங்க?" என்றுதான்.

படி 3: உண்மை வட்டியைக் கணக்கிடுங்கள்

வங்கி தரும் வட்டியிலிருந்து விலைவாசி ஏற்றத்தைக் கழியுங்கள். வட்டி 7, விலைவாசி 5 என்றால் உண்மை வட்டி சுமார் 2. விலைவாசி 8 என்றால் கழித்தல் 1, அதாவது வருடாவருடம் நஷ்டம். 2020-ல் அப்படித்தான் இருந்தது. ரெப்போ வட்டி 4 சதவீதத்துக்கு இறங்கி, ஒரு வருட டெபாசிட் 5 சதவீதத்துக்கு வந்தது. விலைவாசியோ 6 சதவீதத்துக்கு மேல் ஏறியது. பத்திரமாகப் போட்டு வைத்தவர்களின் பணம் பத்திரமாகவே தேய்ந்தது.

வருங்கால விலைவாசிக்கு எந்த எண்ணை எடுப்பது? 4 சதவீதம், மேலும் கீழும் 2 விலகலாம் என்பது ரிசர்வ் வங்கிக்கு விதிக்கப்பட்ட இலக்கு. வீட்டுக் கணக்குக்கு நான் 5 முதல் 6 வைத்துக்கொள்கிறேன். நம் செலவில் மருத்துவமும் படிப்பும் பெரும்பங்கு என்பதால் குறைவாக வைத்து ஏமாறுவதைவிடக் கூட்டி வைப்பது நல்லது.

மனக்கணக்குக்கு 72-ஐ நினைவில் வையுங்கள். 72-ஐ வட்டியால் வகுத்தால் பணம் இரட்டிப்பாகும் வருடம் வரும். 7.2 சதவீதம் என்றால் பத்து வருடம். அதே 72-ஐ விலைவாசியால் வகுத்தால், பெட்டியில் சும்மா கிடக்கும் பணத்தின் மதிப்பு ஏறக்குறைய பாதியாகும் வருடம் வரும். விலைவாசி 6 என்றால் பன்னிரண்டு வருடம்.

படி 4: தடைக்காலப் பணத்தைத் தனியாக எடுத்து வையுங்கள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த இரண்டு மாதச் செலவும், புயல் சின்னம், காற்று என்று தொழில் நிற்கும் நாட்களுக்கு இன்னொரு மாதச் செலவும் சேமிப்புக் கணக்கிலோ எப்போது வேண்டுமானாலும் உடைக்கக்கூடிய டெபாசிட்டிலோ இருக்கட்டும். இந்தப் பணத்துக்கு வட்டி பார்க்காதீர்கள். இதுவும் ஐந்து வருடப் பத்திரத்தில் பூட்டிக் கிடந்தால், மே மாதம் தண்டல்காரரிடம்தான் போய் நிற்போம்.

மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் சேர்ந்திருக்கிறீர்களா? நீங்கள் கட்டுவது 1,500, அரசுகள் சேர்ப்பது 3,000, தொழில் குறைந்த காலத்தில் கையில் வருவது 4,500. மீனவப் பெண்களுக்கும் தனித் திட்டம் உண்டு. எந்த வங்கியிலும் இப்படி ஒரு வட்டி கிடையாது. கட்டாமல் விடாதீர்கள்.

படி 5: மாத வட்டியை முழுவதும் செலவழிக்காதீர்கள்

வளைகுடாவிலிருந்து திரும்பியவர்களும் படகை விற்றவர்களும் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். அதனால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன்.

தபால் அலுவலக மாத வருமானத் திட்டத்தில் ஒருவர் பெயரில் 9 லட்சம் வரை போடலாம். 2025 நிலவரப்படி வட்டி 7.4 சதவீதம். மாதம் 5,550 ரூபாய் கணக்கில் விழும். ஐந்து வருடம் கழித்து 9 லட்சம் அப்படியே திரும்பும். "முதல் பத்திரமா இருக்கு, வட்டியில குடும்பம் ஓடுது" என்று நிம்மதியாக இருப்போம்.

விலைவாசி வருடம் 5 சதவீதம் ஏறுவதாக வையுங்கள். ஐந்து வருடம் கழித்து வரும் 9 லட்சம், இன்றைய விலையில் சுமார் 7 லட்சத்துப் பொருளைத்தான் வாங்கும். இன்று 5,550-க்கு வாங்கும் மளிகையில் அன்று 4,350 ரூபாய் அளவுக்குத்தான் பைக்குள் வரும். முதல் தொகையின் எண் மாறவில்லை, எடை குறைந்துவிட்டது.

முதலின் மதிப்பைக் காப்பாற்ற வேண்டுமென்றால் 9 லட்சத்துக்கு 5 சதவீதம், அதாவது வருடம் 45,000, மாதம் 3,750 ரூபாயைத் திரும்பச் சேமிக்க வேண்டும். அப்படியானால் 5,550-ல் உங்கள் உண்மையான வருமானம் 1,800 மட்டும். மற்றது வட்டி என்ற பெயரில் வரும் உங்கள் சொந்த முதல்.

முழுவதையும் சேமிக்க எல்லோராலும் முடியாது. வயதானவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக முதலைத் தின்பதிலும் தவறில்லை, அதற்காகத்தானே உழைத்தார்கள். ஆனால் தின்பது முதல் என்று தெரிந்து தின்ன வேண்டும். ஐம்பது வயதில் வட்டியில் உட்கார்பவர், பாதியையாவது ஆர்டியில், அதாவது மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பில், திருப்பிப் போடுங்கள். அறுபது தாண்டியவர்களுக்கு மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் 8.2 சதவீதம் தருகிறது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி, உச்சவரம்பு 30 லட்சம். பத்து வயதுக்குட்பட்ட பெண் குழந்தைக்குச் செல்வமகள் திட்டமும் 8.2 தான். அரசு இந்த வட்டிகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றலாம். போடுகிற அன்று கவுன்ட்டரில் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

படி 6: டெபாசிட்டை ஒரே கட்டாகப் போடாதீர்கள்

வட்டி ஏறுமா இறங்குமா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. 3 லட்சம் இருந்தால் ஒரு வருடம், இரண்டு வருடம், மூன்று வருடம் என்று மூன்று துண்டாக்குங்கள். ஒவ்வொன்றும் முதிரும்போது மறுபடி மூன்று வருடத்துக்குப் போடுங்கள். வருடாவருடம் ஒரு துண்டு கைக்கு வரும். வட்டி ஏறியிருந்தால் அந்தத் துண்டுக்குக் கிடைக்கும், இறங்கியிருந்தால் மற்ற இரண்டும் பழைய வட்டியில் நிற்கும். அவசரத்துக்கு ஒன்றை உடைத்தாலும் அபராதம் அந்த ஒன்றுக்கு மட்டும்தான்.

வட்டி ஏறும்போது பழைய கடன் பத்திரத்தின் விலை இறங்கும். 6 சதவீதம் தரும் பத்திரம் உங்களிடம் இருக்கிறது, சந்தையில் புதிது 8 சதவீதம் தருகிறது என்றால், உங்களுடையதை முழு விலைக்கு யார் வாங்குவார்? முதிர்வு வரை வைத்திருந்தால் முழுத் தொகை வரும், நடுவில் விற்றால் இழப்பு. கடன் பத்திர மியூச்சுவல் ஃபண்டின் மதிப்பு சில மாதம் இறங்குவது பெரும்பாலும் இதனால்தான். பயந்து வெளியேற வேண்டாம்.

படி 7: தங்கம், நிலம், படகு

தங்கம் ஏறிக்கொண்டேதான் இருக்கும் என்று நினைக்காதீர்கள். 2012-ல் 10 கிராம் 31,000 ரூபாய் அளவில் இருந்த தங்கம் 2015-ல் 26,000 பக்கம் இறங்கியது. 2012-ல் கடன் வாங்கித் தங்கம் வாங்கியவர் மூன்று வருடம் வட்டியும் கட்டி விலையிலும் இழந்தார். நகைத் தேவை உறுதி என்றால் கொஞ்சம் கொஞ்சமாகக் கிராம் கணக்கில் சேருங்கள். முதலீடு என்றால் செய்கூலி இல்லாத காசாக வாங்குங்கள். எதுவானாலும் ஹால்மார்க்கில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறியீட்டைப் பார்த்து வாங்குங்கள்.

நிலம் எங்கும் ஓடிப்போகாது என்பார்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடி போனதைப் பார்த்த ஊர் நாம். அது ஒரு பக்கம் இருக்கட்டும், கடலைப் பார்த்த மனையில் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதி இருக்கிறது. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை அந்த விதி பேசுகிறது, பல இடங்களில் வீடு கட்ட அனுமதியே கிடைக்காது. பட்டா, வில்லங்கச் சான்று இரண்டையும் நீங்களே எடுத்துப் பாருங்கள். இன்னொன்று, நம் மாவட்டத்தில் நிலத்தைச் சும்மா போட்டால் சீமைக் கருவேலம் ஏறிவிடும். ஐந்து வருடம் கழித்து விற்கப் போகும்போது ஜேசிபி வாடகையும் வேர் பிடுங்கும் கூலியும் உங்கள் லாபத்திலிருந்துதான் போகும். அதையும் கணக்கில் எழுதுங்கள்.

படகும் எஞ்சினும் தொழில் கருவி, சேமிப்பு அல்ல. உப்புக்காற்றில் அவற்றின் விலை வருடாவருடம் இறங்கும். புது எஞ்சின் வாங்கிய அன்றே அடுத்த எஞ்சினுக்கு மாதாமாதம் எடுத்து வைக்கத் தொடங்க வேண்டும்.

படி 8: வளைகுடாப் பணமும் வட்டி வேண்டாம் என்பவர்களும்

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி என்று நம் கரை முழுக்க வளைகுடாப் பணம் புழங்குகிறது. திர்ஹாமும் ரியாலும் டாலரோடு கட்டப்பட்டவை. 2014-ல் ஒரு திர்ஹாம் 16 ரூபாய் சொச்சம், 2025-ல் 23-ஐத் தாண்டியது. ஊரில் வட்டி 7 என்று கணக்கிடும்போது, ரூபாயின் மதிப்பு அங்கே இறங்கியதையும் பாருங்கள். வெளிநாட்டில் இருக்கும்வரை, வெளிநாடு வாழ் இந்தியருக்கான என்ஆர்இ டெபாசிட் வட்டிக்கு இங்கே வருமான வரி இல்லை. நிரந்தரமாகத் திரும்பியதும் கணக்கை மாற்ற வேண்டும், அதன்பின் வரியும் உண்டு.

மார்க்கப்படி வட்டி வாங்காத குடும்பங்கள் பணத்தை நடப்புக் கணக்கிலோ வீட்டிலோ சும்மா வைத்திருப்பதைப் பார்க்கிறேன். விலைவாசி அந்தப் பணத்தை முழுவதுமாகத் தின்கிறது. வாடகை வரும் கடை, தொழில் பங்கு, தங்கம், ஷரியா முறைப்படி தேர்ந்த பங்குகளில் மட்டும் போடும் மியூச்சுவல் ஃபண்ட் என்று வழிகள் இருக்கின்றன. பங்குச் சந்தைக்கு யார் போனாலும் ஏழெட்டு வருடம் தொடாமல் இருக்கக்கூடிய பணத்தோடு மட்டும் போங்கள். 2008 ஜனவரியில் 21,000-ஐத் தொட்ட சென்செக்ஸ் 2009 மார்ச்சில் 8,000 சொச்சத்துக்கு விழுந்தது, பழைய உயரத்துக்குத் திரும்ப 2010 இறுதி ஆனது. நடுவில் கல்யாணம் வந்து விற்றவர்களின் நஷ்டம் நஷ்டமேதான்.

படி 9: வட்டிக்கு முன் முதலைப் பாருங்கள்

எங்கள் குழுவில் ஒரு அக்கா, லட்சத்துக்கு மாதம் 8,000 தருவதாகச் சொன்ன ஒரு நிறுவனத்தில், வீட்டுக்காரர் சவூதியிலிருந்து அனுப்பியதைப் போட்டார். ஆறு மாதம் சரியாக வந்தது. ஏழாம் மாதம் அலுவலகம் பூட்டிக் கிடந்தது. 48,000 வாங்கி 1 லட்சத்தை இழந்தார். வருடத்துக்கு 96 சதவீதம் கிடைக்கும் தொழில் ஒருவரிடம் உண்மையாகவே இருந்தால், வங்கியில் 12 சதவீதத்துக்குக் கடன் வாங்கியிருப்பார். நம் வாசலுக்கு வந்திருக்க மாட்டார்.

வங்கி டெபாசிட்டுக்கு ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் வரை, வட்டியும் சேர்த்து, காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரியிலிருந்து இந்த அளவு. அதற்கு மேல் இருந்தால் இன்னொரு வங்கிக்குப் பிரித்துப் போடுங்கள். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்க வைப்புகளுக்கு இந்தக் காப்பீடு கிடையாது, கூட்டுறவு வங்கிகளுக்கு உண்டு. பெயர்ப் பலகையைப் பார்த்துக் குழம்பாமல் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஏலச்சீட்டு என்றால் பதிவு எண் கேளுங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு வீட்டில் இருக்காதீர்கள். தமிழ்நாட்டில் வைப்பீட்டாளர் பாதுகாப்புக்கு 1997 முதல் தனிச் சட்டம் இருக்கிறது, பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுங்கள். அந்த அக்கா எட்டு மாதம் யாரிடமும் சொல்லாமல் இருந்தார். அந்த எட்டு மாதம்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

படி 10: சித்திரை ஒன்றில் நோட்டைத் திறங்கள்

மறுநாள் தடைக்காலம் தொடங்கிவிடும், வீட்டில் எல்லோரும் இருப்பார்கள், அதனால் இந்த நாள். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். ஒவ்வொரு சேமிப்புக்கும் ஐந்து விஷயம் எழுதுங்கள்: போட்ட தொகை, இன்றைய தொகை, எந்தப் பொருளுக்காக, போட்ட அன்று அதன் விலை, இன்று அதன் விலை. தொகையை விலையால் வகுத்து, அன்று எத்தனை வாங்கியிருக்கலாம், இன்று எத்தனை வாங்கலாம் என்று பக்கத்தில் குறியுங்கள். எண் குறைந்திருந்தால், முதிரும்போது அந்தப் பணத்தை எங்கே மாற்றுவது என்று அன்றே பேசிவிடுங்கள். வட்டிக்கு வங்கி வரி பிடித்திருக்கிறதா என்றும் அன்றே பாருங்கள்.

போன சித்திரையில் அம்மாவின் பக்கத்தை எழுதும்போது எந்தப் பொருள் என்று கேட்டேன். தங்கம் என்பார் என்று நினைத்தேன். தகரப் பெட்டியைத் திறந்து, ரத்த அழுத்த மாத்திரை அட்டை ஒன்றை எடுத்து நோட்டின் மேல் வைத்தார். அட்டையின் பின்பக்கத்து விலையைக் கண்ணாடி போட்டு அவரே படித்துச் சொன்னார், நான் எழுதிக்கொண்டேன்.